இயற்கை தரும் காப்பும் அது எட்டாத நாட்களும்

திருச்சி

அன்புள்ள இளங்கோ,

இங்கிலாந்துப் பல்கலைக்கழகத்திலிருந்து உனக்கு வந்த சேர்க்கைக் கடிதத்தையும் அதோடு இருந்த தடுப்பூசிக் குறிப்பையும் உன் அப்பா எனக்கு அனுப்பிவைத்தார். கூடவே நீ எழுதியிருந்த கேள்வியையும் படித்தேன். “மூளைக்காய்ச்சலை உண்டாக்கும் பாக்டீரியா நிறையப் பேர் தொண்டையில் சும்மாவே இருக்குமாம். உடம்பே அதற்கு எதிர்ப்பாற்றலை உண்டாக்கிக்கொள்ளுமாம். அப்படியென்றால் இந்த ஊசி எதற்கு அத்தை?” என்று கேட்டிருக்கிறாய்.

நல்ல கேள்வி. மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் கற்பித்த காலத்தில் மாணவர்களிடம் நானே இதைக் கேட்பதுண்டு. இதற்கு விடை தேடிப் போனால்தான் இந்த நோயே புரியும். அதனால் “பெரியவர்கள் சொல்கிறோம், போட்டுக்கொள்” என்று முடித்துவிடாமல், தெரிந்ததை முழுதாகவே எழுதுகிறேன். நீ படித்தது பொய்யல்ல. ஆனால் அதோடு சேர்த்துப் படிக்க வேண்டியவை சில இருக்கின்றன. நீ எடுக்க வேண்டிய முடிவு அவற்றைப் பொறுத்தது.

மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றியிருக்கும் உறைகளில் பாக்டீரியா தொற்றி அழற்சி உண்டாவதைத்தான் இங்கே மூளைக்காய்ச்சல் என்கிறோம். பச்சிளம் பருவம் தாண்டியவர்களிடம் அதை உண்டாக்குபவற்றில் மூன்று முதன்மையானவை: மெனிங்கோகாக்கஸ், நிமோகாக்கஸ், ‘ஹிப்’ என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளூயன்சா பி வகை. மூன்றுக்கும் இருப்பிடம் ஒன்றே. மூக்கின் பின்புறமும் தொண்டையும் சேரும் இடத்துச் சளிச்சவ்வில்தான் அவை தங்குகின்றன. மெனிங்கோகாக்கஸுக்கு மனிதரை விட்டால் இயற்கையில் வேறு புகலிடமே இல்லை; மண்ணிலோ நீரிலோ விலங்கிலோ அது வாழ்வதில்லை. ஐரோப்பாவில் எந்த நாளில் சோதித்தாலும் ஏறத்தாழ பத்தில் ஒருவர் தொண்டையில் அது இருக்கும். கைக்குழந்தைகளிடம் குறைவு. பதின்வயதில் ஏறி, 19 வயதை ஒட்டி உச்சத்தை அடையும். அந்த வயதில் ஏறத்தாழ நான்கில் ஒருவரிடம் காணலாம். வழிப்போக்கர் திண்ணையில் தங்கிவிட்டு வீட்டுக்குள் நுழையாமலே போய்விடுவதுபோல, பெரும்பாலும் அது சில வாரங்களோ மாதங்களோ இருந்துவிட்டுப் போய்விடுகிறது. யார் தொண்டையில் தங்கியதோ அவருக்கே அது தெரிவதில்லை.

இந்த நோய் கொள்ளையாகப் பரவியதை முதலில் விவரித்து எழுதியவர் ஜெனீவா மருத்துவர் காஸ்பார் வியூஸ்யூ, ஆண்டு 1805. வியன்னாவில் ஆன்டன் வைக்செல்பாம் 1887இல் நோயாளிகளின் தண்டுவட நீரில் அந்தப் பாக்டீரியாவைக் கண்டறிந்தார். அதன்பின் நலமாக இருப்பவர்களின் தொண்டையிலும் அதே பாக்டீரியா இருப்பது தெரியவந்தது. இத்தனை பேரிடம் இருந்தும் மிகச் சிலரையே அது ஏன் வீழ்த்துகிறது? நூறாண்டுக்கும் மேலாக ஆய்வாளர்கள் இந்தக் கேள்வியின் பின்னால்தான் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

முதல் விடை சளிச்சவ்விலேயே இருக்கிறது. மூக்கிலும் மூச்சுக்குழாயிலும் உள்ள அணுக்களின் மேல் நுண்மயிர்கள் ஓயாமல் அசைந்து, ஒட்ட வந்த கிருமியைச் சளியோடு சேர்த்துத் தொண்டைப் பக்கம் தள்ளுகின்றன. நாம் அதை விழுங்கிவிடுகிறோம். வயிற்று அமிலம் மீதியைப் பார்த்துக்கொள்கிறது. அந்தச் சளியில் ஐஜிஏ என்ற எதிர்ப்புரதம் நிறைந்திருக்கிறது. நம் உடல் நாள்தோறும் கிராம் கணக்கில் அதை உண்டாக்குகிறது; மற்ற எல்லா வகை எதிர்ப்புரதங்களையும் கூட்டினாலும் அந்த அளவு வராது. சளிச்சவ்வில் சுரக்கும் ஐஜிஏ இரண்டிரண்டாக இணைந்து, செரிமான நொதிகளும் சிதைக்க முடியாதபடி தனியொரு புரதக் காப்போடு வெளியே வருகிறது. கிருமியை அது கொல்வதைவிட ஒட்டவிடாமல் தடுப்பதே அதிகம். கிருமிகளைக் கொத்தாகச் சேர்த்துப் பிடித்து, சளியோடு போகச் செய்கிறது. டான்சில், அடினாய்டு, நாக்கின் அடிப்பகுதியிலுள்ள நிணத்திசு ஆகியவை தொண்டையைச் சுற்றி வளையமாக அமைந்திருக்கின்றன. உள்ளே வரும் கிருமியை அடையாளம் காண நோயெதிர்ப்பு அணுக்கள் பயிற்சி பெறும் இடம் அதுதான். நிமோகாக்கஸ் விஷயத்தில் எதிர்ப்புரதம் மட்டுமன்றி டி அணுக்கள் என்ற நோயெதிர்ப்பு அணுக்களில் ஒரு வகையும் பங்கெடுக்கிறது. அவை வெள்ளணுக்களை அழைத்துவந்து தொண்டையிலிருந்து அதை மெல்ல வெளியேற்றுவதை எலிகளிடம் செய்த ஆய்வுகள் காட்டின.

கிருமியும் கைகட்டி நிற்பதில்லை. ஐஜிஏயைச் சரியாக நடுப்பகுதியில் வெட்டும் ஒரு நொதியை மெனிங்கோகாக்கஸ், நிமோகாக்கஸ், ஹிப் மூன்றும் சுரக்கின்றன. ஒன்றுக்கொன்று நெருங்கிய உறவில்லாத மூன்று பாக்டீரியாக்களும் ஒரே வேலைக்கு ஒரே வழியைக் கண்டிருப்பது 1970களில் தெரியவந்தபோது ஆய்வாளர்கள் வியந்தார்கள். மெனிங்கோகாக்கஸின் நெருங்கிய உறவினங்களில் நோய் உண்டாக்காதவை அந்த நொதியைச் சுரப்பதில்லை. தொண்டையில் தங்குவதற்கே இவ்வளவு ஆயத்தம் தேவைப்படுகிறது என்றால், சளிச்சவ்வின் காப்பு எவ்வளவு வலியது என்பதை நீயே எண்ணிப் பார்.

சளிச்சவ்வைத் தாண்டிக் குருதிக்குள் நுழையும் கிருமிக்கு இரண்டாவது காப்பு காத்திருக்கிறது. இதைத் தெளிவாகக் காட்டியவர்கள் பாஸ்டனைச் சேர்ந்த லெராய் ஃபாதர்கில், ஜாய்ஸ் ரைட் என்ற இருவர். அவர்கள் 1933இல் வெவ்வேறு வயதினரின் குருதி ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளூயன்சாவைக் கொல்லும் திறனை அளந்தார்கள். பிறந்த குழந்தையிடம் தாய் கொடுத்த திறன் இருந்தது. சில மாதங்களில் அது வடிந்துபோனது. மூன்று வயதுக்குமேல் குழந்தை தானே அதைச் சம்பாதித்துக்கொண்டது. நோய் மிகுதியாகத் தாக்கும் வயதும் இந்தத் திறன் மிகக் குறைவாக இருக்கும் வயதும் ஒன்றாகவே இருந்தன.

மெனிங்கோகாக்கஸுக்கும் இதே கணக்குதான் என்பதை 1969இல் கோல்ட்ஷ்னைடர், காட்ஷ்லிக், ஆர்ட்டன்ஸ்டைன் ஆகியோர் அமெரிக்க ராணுவத்தில் செய்த ஆய்வு காட்டியது. நியூஜெர்சியின் ஃபோர்ட் டிக்ஸ் முகாமில் பயிற்சிக்கு வந்த 14,744 இளைஞர்களிடம் முதல் வாரத்திலேயே குருதி எடுத்து வைத்துக்கொண்டார்கள். பிறகு நோய்வாய்ப்பட்டவர்களின் பழைய குருதி மாதிரிகளை எடுத்துப் பார்த்தார்கள். நோயுற்ற 54 பேரில் கிருமியைக் கொல்லும் எதிர்ப்புரதம் முன்பே இருந்தது 3 பேருக்கு மட்டும். நோய்வராத 540 பேரில் 444 பேருக்கு அது இருந்தது. எதிர்ப்புரதம் இல்லாமல், பரவிக்கொண்டிருந்த அதே வகைக் கிருமி தொண்டையில் வந்து சேர்ந்தவர்களில் பத்துக்கு ஏறத்தாழ நான்கு பேர் நோயில் விழுந்தார்கள். இந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொள். பின்னால் இதற்குத் திரும்ப வருகிறேன்.

அந்த எதிர்ப்புரதம் எங்கிருந்து வந்தது? நீ சொன்ன இயற்கை எதிர்ப்பாற்றலின் அழகு இங்கேதான் இருக்கிறது. சிறு குழந்தைகளின் தொண்டையில் நைசீரியா லாக்டாமிகா என்ற பாக்டீரியா அடிக்கடி வாழும். அது மெனிங்கோகாக்கஸின் உறவு. ஆனால் மெனிங்கோகாக்கஸைப் போர்த்தும் கொடிய சர்க்கரை மேலுறை அதற்கு இல்லை, நோயும் தருவதில்லை. அது தங்கிப்போன குழந்தைக்கு மெனிங்கோகாக்கஸையும் அடையாளம் காணும் எதிர்ப்புரதங்கள் உண்டாகின்றன. குடலிலிருந்தும் உதவி வருகிறது. ஈ.கோலை பாக்டீரியாவில் கே100 என்ற வகையின் மேலுறை ஹிப்பின் மேலுறையை ஒத்தது. ரேச்சல் ஷ்னீர்சனும் ஜான் ராபின்ஸும் 1975இல் அந்த ஈ.கோலையைத் தன்னார்வலர்களுக்குக் குடிக்கக் கொடுத்தபோது, ஹிப்புக்கு எதிரான எதிர்ப்புரதம் அவர்கள் குருதியில் உயர்ந்தது. ஹிப்பைத் தொண்டையில் ஒருநாளும் சந்திக்காத பிள்ளைகூட அதற்கான காப்பைப் பெற்றிருப்பது இப்படித்தான். நம்முள் குடியிருக்கும் எண்ணற்ற நுண்ணுயிர்கள், நாம் அறியாமலே, நோய்களுக்கு எதிராக நம்மைப் பழக்கிக்கொண்டிருக்கின்றன.

இந்த இயற்கை வழியை மருத்துவமாக்கும் முயற்சியும் நடக்கிறது. ஷெஃபீல்டில் ராபர்ட் ரீட் குழுவினர் பல்கலைக்கழக மாணவர்கள் 310 பேரில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு லாக்டாமிகாவை மூக்குச் சொட்டாக விட்டார்கள். 2015இல் முடிவு வெளியானது. அதைப் பெற்றவர்களில் மூன்றில் ஒருவரிடம் அது வேரூன்றியது. லாக்டாமிகா பெற்ற குழுவில் மெனிங்கோகாக்கஸைத் தொண்டையில் வைத்திருந்தவர்களின் பங்கு இரண்டு வாரத்தில் குறைந்துபோனது. எதிர்ப்புரதம் உருவாகும் முன்பே குறைந்ததால், இடத்தைப் பிடித்துக்கொள்வதும் ஒரு காப்பு என்று கருத இடமிருக்கிறது. பிறகு சவுத்தாம்ப்டனில் மெனிங்கோகாக்கஸின் ஒரு புரதத்தை லாக்டாமிகாவின் மேற்பரப்பில் தோன்றுமாறு மாற்றி, தன்னார்வலர்களின் மூக்கில் விட்டுப் பார்த்தார்கள். அந்தப் புரதத்துக்கு எதிரான எதிர்ப்பாற்றல் உருவானதை 2021இல் அறிவித்தார்கள். ஒருநாள் இது பயன்பாட்டுக்கு வரக்கூடும். இன்று மருத்துவமனையில் நீ போய்க் கேட்டு வாங்கும் நிலையில் இல்லை.

ஆகவே, இளங்கோ, இயற்கை எதிர்ப்பாற்றல் இருக்கிறது, அது வலியது, மனித இனம் இந்தக் கிருமிகளோடு வாழ முடிந்திருப்பதே அதனால்தான். இதை ஒப்புக்கொள்ள மறுக்கும் ஆசிரியர் தம் பாடத்தையே அறியாதவர். ஆனால் அது எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தாயானால், எங்கே கைவிடும் என்பதும் தெரியும்.

தொண்டையில் கிருமி வந்து சேர்ந்தபின் உடல் எதிர்ப்புரதம் தயாரிக்க ஏறத்தாழ இரண்டு வாரம் பிடிக்கிறது. கிருமி நோயை உண்டாக்குவதானால் பெரும்பாலும் 2 முதல் 10 நாளுக்குள், சராசரியாக நான்கு நாளில் உண்டாக்கிவிடும். மாதக்கணக்கில் அதைத் தொண்டையில் வைத்திருப்பவர் அனேகமாக நோயில் விழுவதில்லை. புதிதாகப் பெற்றவர்தான் விழுகிறார். பழைய காப்பு எதுவும் இல்லாத ஒருவர், அந்த ஊருக்கு, அந்தக் கூட்டத்துக்குப் புதியவராக இருந்தால், உடலின் ஏற்பாடு முடியும் முன் கிருமி உள்ளே போய்விடலாம். ஃபோர்ட் டிக்ஸில் அந்தப் பத்துக்கு நான்கு பேருக்கு நேர்ந்தது இதுதான். நலமான, வலுவான, இருபது வயது இளைஞர்கள் அவர்கள்.

நீ போகும் விடுதியில் முதல் வாரம் எப்படியிருக்கும் என்பதற்கும் ஓர் ஆய்வு இருக்கிறது. நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவர்களின் தொண்டையைச் சோதித்து முடிவை 2000இல் வெளியிட்டார்கள். வகுப்பு தொடங்கிய முதல் நாள் 6.9 விழுக்காட்டினரிடம் மெனிங்கோகாக்கஸ் இருந்தது. இரண்டாம் நாள் 11.2, மூன்றாம் நாள் 19, நான்காம் நாள் 23.1 விழுக்காடு. உணவு தரும் விடுதிகளில் தங்கியிருந்தவர்களிடம் டிசம்பருக்குள் அது 34 விழுக்காட்டைத் தாண்டியது. பல ஊர்களிலிருந்தும் நாடுகளிலிருந்தும் வந்த இளைஞர்கள் ஒரே கூரையின்கீழ் சேர்ந்து, இரவு நெடுநேரம் நெருங்கி உட்கார்ந்து பேசிச் சிரிக்கும் நாட்கள் அவை. பழகக் கூடாது என்று நான் சொல்லவில்லை, நன்றாகப் பழகு. அந்த நாட்களில் உன் தொண்டைக்குப் புதிய கிருமிகள் வந்து சேர்வது உறுதி என்று மட்டும் அறிந்துகொள்.

வேறு சில காரணங்களும் காப்பைத் தளர்த்துகின்றன. புகைப்பவர்களிடமும் புகைப்பவர்களோடு இருப்பவர்களிடமும் இந்தக் கிருமி மிகுதி. நுண்மயிரின் அசைவைப் புகை கெடுத்துவிடுகிறது. இன்ஃப்ளூயன்சா காய்ச்சல் வந்து தேறும் நாட்களில் சளிச்சவ்வு புண்பட்டிருக்கும். அப்போது மெனிங்கோகாக்கஸுக்கும் நிமோகாக்கஸுக்கும் உள்ளே நுழைவது எளிது. செனகல் முதல் எத்தியோப்பியா வரை ஆப்பிரிக்காவின் குறுக்கே நீளும் 26 நாடுகளில் ஒவ்வொரு வறண்ட பருவத்திலும் இந்நோய் மூண்டு, மழை வந்ததும் அடங்குகிறது. பாலைக்காற்றின் புழுதியும் வறட்சியும் மூக்கின் சவ்வைப் புண்படுத்துவது அதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. பிறவியிலேயே சிலருக்குக் குருதியிலுள்ள காம்ப்ளிமென்ட் புரதங்களில் ஒன்று குறைந்திருக்கும். எதிர்ப்புரதம் கிருமியைப் பிடித்தாலும் அதன் சுவரைத் துளைத்துக் கொல்ல அந்தப் புரதங்கள் வேண்டும். அவை இல்லாதவர்களுக்கு மெனிங்கோகாக்கஸ் ஆபத்து மற்றவர்களைவிடப் பல ஆயிரம் மடங்கு வரை அதிகம். தமக்கு அந்தக் குறை இருப்பது பலருக்கு நோய் வந்த பிறகே தெரிகிறது.

இனி ஊசி பற்றிச் சொல்கிறேன். இயற்கை எதிர்ப்பாற்றலும் தடுப்பூசியும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்று நீ எண்ணியிருப்பதாகத் தோன்றுகிறது. அப்படியல்ல. கிருமி தொண்டையில் தங்கி இரண்டு வாரத்தில் கற்பிப்பதை, கிருமி வரும் முன்பே கற்பித்துவிடுவதுதான் தடுப்பூசி. கற்றுக்கொள்வது அதே உடல். உருவாக்குவதும் அதே எதிர்ப்புரதம். நோய் முந்திக்கொள்ளக்கூடிய அந்தச் சில நாட்களின் ஆபத்து மட்டும் இல்லாமல்போகிறது.

இன்னொன்றும் நடக்கிறது, எனக்கு அதுவே பெரிதாகப் படுகிறது. கிருமியின் சர்க்கரை உறையை ஒரு புரதத்தோடு இணைத்துச் செய்யும் தடுப்பூசிகள் குருதியோடு நின்றுவிடுவதில்லை. அவை உண்டாக்கும் எதிர்ப்புரதம் எச்சிலிலும் சளியிலும் கசிந்து, தொண்டையில் அந்தக் கிருமி குடியேறுவதையே குறைக்கிறது. மெனிங்கோகாக்கஸில் மேலுறையைப் பொறுத்து ஏ, பி, சி, டபிள்யூ, ஒய் எனப் பல வகைகள் உண்டு. பிரிட்டன் 1999 நவம்பரில் சி வகைக்கான தடுப்பூசியைக் குழந்தைகளுக்கும் இளைஞர்களுக்கும் கொடுக்கத் தொடங்கியது. ஓராண்டுக்குள் 15 முதல் 17 வயதினரின் தொண்டையில் சி வகை மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது. ஊசி போடாதவர்களிடமும் நோய் குறைந்தது.

ஆப்பிரிக்காவின் கதை இதைவிடப் பெரியது. அங்கே 1996–97இல் மூண்ட ஏ வகைக் கொள்ளைநோயில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்று, ஏறத்தாழ 25,000 பேர் இறந்தார்கள். அதன்பின் உலக சுகாதார நிறுவனமும் பாத் என்ற அமைப்பும் சேர்ந்து ஏ வகைக்கென்றே ஒரு தடுப்பூசியை உருவாக்கும் திட்டத்தைத் தொடங்கின. அதைத் தயாரித்துக் கொடுத்தது நம் புனேயிலுள்ள சீரம் இன்ஸ்டிடியூட். அப்போது ஓர் ஊசியின் விலை அரை டாலருக்கும் குறைவாக இருந்தது. புர்கினா ஃபாசோவில் 2010 டிசம்பரில் 1 முதல் 29 வயது வரையுள்ளோர் அனைவருக்கும் அதைப் போடத் தொடங்கினார்கள். சாட் நாட்டில் ஊசிக்கு முன் சோதித்த 4,278 பேரில் 32 பேர் தொண்டையில் ஏ வகை இருந்தது. ஊசிக்குச் சில மாதங்களுக்குப் பின் 5,001 பேரில் ஒரே ஒருவரிடம்தான் இருந்தது. அந்த நாடுகளில் 2017க்குப் பிறகு ஏ வகை நோய் காணப்படவில்லை. நூறாண்டாகப் பிள்ளைகளைக் கொண்டுபோன ஒரு நோய், தொண்டைகளில் இடம் கிடைக்காததால் மறைந்தது. அத்தனை காலமும் இயற்கை எதிர்ப்பாற்றல் அந்த மக்களிடம் இருந்தது. கொள்ளைநோயை நிறுத்த அதனால் முடியவில்லை.

எல்லாத் தடுப்பூசியும் தொண்டையைக் காப்பதில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். மெனிங்கோகாக்கஸ் பி வகையின் மேலுறை நம் நரம்பணுக்களின் மேலுள்ள ஒரு சர்க்கரையை ஒத்திருப்பதால் அதை வைத்துத் தடுப்பூசி செய்ய முடியவில்லை. புரதங்களை வைத்து வேறு வழியில் செய்தார்கள். தென் ஆஸ்திரேலியாவில் ஏறத்தாழ 35,000 பள்ளி மாணவர்களிடம் அதைச் சோதித்த பெரிய ஆய்வு 2020இல் வெளிவந்தது. தொண்டையில் கிருமி தங்குவதை அந்த ஊசி குறைக்கவில்லை. போட்டுக்கொண்டவரை நோயிலிருந்து காக்கிறது. அவரிடமிருந்து பிறருக்குப் பரவுவதைத் தடுப்பதில்லை. உனக்குப் பல்கலைக்கழகம் கேட்டிருப்பது ஏ, சி, டபிள்யூ, ஒய் என்ற நான்கு வகைகளுக்கான இணைப்புத் தடுப்பூசி. இங்கிலாந்தில் டபிள்யூ வகை ஏறத் தொடங்கியதால் 2015 முதல் பதின்வயதினருக்கும் புதிதாகப் பல்கலைக்கழகம் சேரும் 25 வயதுக்குட்பட்டோருக்கும் அதைக் கொடுக்கிறார்கள். அங்கே இப்போது மிகுதியாகக் காணப்படுவது பி வகை. அதற்கான ஊசி உனக்குத் தேவையா என்று அங்குள்ள மருத்துவரிடம் தனியாகக் கேள்.

இந்த நோய் வெளிநாட்டார் கவலை என்றும் எண்ணிவிடாதே. டெல்லியில் 1966, 1985, 2005 ஆண்டுகளில் மெனிங்கோகாக்கஸ் பரவியிருக்கிறது. நம் ஊரிலிருந்து ஹஜ் போகிறவர்கள் இதே ஊசியைப் போட்டுக்கொண்டுதான் விமானம் ஏறுகிறார்கள். 1987இலும் 2000இலும் ஹஜ்ஜுக்குக் கூடியவர்களிடையே நோய் பரவி, அவர்கள் மூலம் பல நாடுகளுக்குப் போனதால் வந்த விதி அது. ஹிப் சேர்ந்த ஐந்து நோய்த் தடுப்பூசியை இந்திய அரசு முதலில் தொடங்கிய மாநிலங்கள் தமிழ்நாடும் கேரளமும்தான். அது 2011 டிசம்பரில். அதற்கு முன் குழந்தைகள் பிரிவிலிருந்து ஆய்வகத்துக்கு வரும் தண்டுவட நீர் தெளிவாக இராமல் கலங்கியிருப்பதைப் பார்க்கும்போதே எங்களுக்கு நெஞ்சு கனக்கும். அந்தப் பிள்ளைகளில் பிழைத்தவர்களிலும் சிலர் காது கேளாமல் போனார்கள். அவர்களுக்கும் சளிச்சவ்வு இருந்தது; ஐஜிஏ இருந்தது. அவர்கள் வயதுக்கு அது போதவில்லை. நூறு குழந்தைகளில் பெரும்பாலோர் தொண்டையிலேயே எதிர்ப்பாற்றல் பெற்று வளர்ந்தார்கள் என்பது உண்மை. மீதிப் பிள்ளையின் தாயிடம் அதைச் சொல்லித் தேற்ற முடியாது. இயற்கை எதிர்ப்பாற்றல் ஒரு கூட்டத்துக்கான கணக்கு. தனியொருவருக்கு அது உறுதி தருவதில்லை.

நீ செய்ய வேண்டியவற்றைச் சொல்கிறேன்.

புறப்படுவதற்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்னால் ஊசியைப் போட்டுக்கொள். எதிர்ப்புரதம் உயர அந்த நாட்கள் வேண்டும். இங்கே முடியாவிட்டால் அங்கே போய்ச் சேர்ந்தவுடன் மருத்துவரிடம் பதிவுசெய்து கேள், தள்ளிப்போடாதே. ஃப்ளூ தடுப்பூசியும் போட்டுக்கொள்வது நல்லது.

புகை பிடிக்காதே, புகைக்கும் அறையில் உட்காராதே. சாதாரணச் சளிக்கும் தொண்டை வலிக்கும் மருந்துக் கடையில் ஆன்டிபயாட்டிக் வாங்கித் தின்னும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அதை இங்கேயே விட்டுவிட்டுப் போ. உன் தொண்டையில் உனக்காக வேலை செய்யும் நல்ல பாக்டீரியாக்களையும் அது அழித்துவிடும். மூக்கில் கிருமிநாசினி விடுவது, தொண்டையில் கிருமி இருக்கிறதா என்று அஞ்சிப் பரிசோதனைக்கு ஓடுவது எதுவும் வேண்டாம். கிருமி தங்கிப் போவது நோயல்ல.

நோயின் அறிகுறிகளை மட்டும் மனப்பாடமாக வைத்துக்கொள். காய்ச்சலோடு கடுந்தலைவலி, வாந்தி, கழுத்து விறைப்பு, வெளிச்சம் பார்க்கக் கூசுதல், எழுப்பினாலும் தெளியாத மயக்கம், குழப்பமான பேச்சு. இவற்றுக்கு முன்பே கைகால்கள் சில்லென்று போவதும் கால்வலியும் வரலாம். தோலில் சிவப்போ ஊதாவோ ஆன புள்ளிகள் தோன்றி, கண்ணாடித் தம்ளரை வைத்து அழுத்தினாலும் மறையாவிட்டால் அது பெரிய எச்சரிக்கை. நம்மைப் போன்ற கருநிறத் தோலில் புள்ளி எளிதில் தெரியாது. உள்ளங்கை, உள்ளங்கால், கண்ணிமையின் உட்புறம், மேலண்ணம் ஆகிய இடங்களில் பார். புள்ளி வரட்டும் என்று காத்திருக்காதே. எல்லா அறிகுறியும் சேர்ந்து வராது. மது அருந்திய மயக்கம் என்றோ ஃப்ளூ என்றோ எண்ணித் தோழனைத் தூங்க விட்டுவிடாதே. உடனே 999ஐ அழை. இந்த நோயில் சில மணி நேரமே உயிரைத் தீர்மானிக்கும். தக்க சிகிச்சை கொடுத்தும் பத்தில் ஒருவர் இறக்கிறார். பிழைப்பவர்களில் பத்தில் ஒன்றிரண்டு பேர் காது கேளாமை, கைகால் இழப்பு போன்ற பாதிப்போடு வாழ்கிறார்கள். உன் அறைத்தோழருக்கு வந்துவிட்டால், அங்குள்ள பொது சுகாதாரத் துறையினர் உனக்குத் தடுப்பு மருந்து தருவார்கள். பெரும்பாலும் அது ஒரே மாத்திரை. மறுக்காமல் சாப்பிடு.

இளங்கோ, நீ கேட்டதற்கு என் விடை இதுதான். உன் உடலில் இயற்கை வைத்திருக்கும் காப்பை நம்பு. அதைக் கெடுக்காமல் பார்த்துக்கொள். அது எட்டாத நாட்களுக்குத் தடுப்பூசி போட்டுக்கொள். உன் தொண்டை வழியாகக் கிருமி போய்ச் சேரக்கூடிய இன்னொரு பிள்ளைக்கு, பிறவியிலேயே காப்பு குறைந்த யாரோ ஒருவருக்கு, நீ செய்யக்கூடிய நன்மையும் அந்த ஊசியில் இருக்கிறது. இந்த வாரமே போய்ப் போட்டுக்கொண்டு எனக்குச் செய்தி அனுப்பு. உன்னோடு வரும் நண்பர்களிடமும் சொல்லிப் போட்டுக்கொள்ள வை.

அன்புடன்,
உன் அத்தை